ராத்திரி ஊறப்போட்ட ஓட்ஸ்: வாசகர் கேள்வி பதில்

காலைச் சாப்பாடு பற்றிப் போன இதழில் எழுதும்போது, ராத்திரியே ஓட்ஸைப் பாலும் தயிரும் சேர்த்து ஊறவைத்து பிரிட்ஜில் வைத்துவிட்டால் விடிந்ததும் அடுப்புப் பற்றவைக்கும் வேலையே இல்லை என்று போகிற போக்கில் இரண்டு வரி சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் இத்தனை கடிதம். கொண்டலாம்பட்டி, செவ்வாய்ப்பேட்டை, ஓமலூர், ஏற்காடு என்று நாலா பக்கமிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். பாதிப் பேர் செய்து பார்த்துச் சரியாக வராமல் கொட்டியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அளவும் முறையும் சொல்லாமல் விட்டது என் தவறு. இந்த முறை முழுக்க இதற்கே.

"அக்கா, நாமக்கல்லில் வேலை. காலை ஆறே முக்காலுக்குப் பஸ் ஏறணும். பாலைக் கொதிக்கவைத்து ஓட்ஸில் ஊற்றி மூடி, ஆறினதும் பிரிட்ஜில் வைத்தேன். காலையில் திறந்தால் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?" (கொண்டலாம்பட்டி வாசகி)

தப்பு அந்தக் கொதிக்கிற பாலில்தான். ஓட்ஸில் இருக்கிற மாவுச்சத்து சூடு பட்டால் தண்ணீரை இழுத்து உப்பி, உடைந்து, பசையாகும். கஞ்சி காய்ச்சும்போது நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் ஊறவைக்கும்போது அது நடக்கக் கூடாது. பாலைக் காய்ச்சுங்கள், நன்றாக ஆறவிடுங்கள், முடிந்தால் பிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து அப்புறம் ஊற்றுங்கள். குளிர்ந்த பாலில் ஓட்ஸ் மெதுவாகத்தான் ஊறும், ஆனால் இதழ் இதழாக நிற்கும், வாயில் போட்டால் மெல்ல ஏதாவது இருக்கும்.

இரண்டாவது விஷயம், எந்த ஓட்ஸ் என்பது. கடையில் மூன்று மாதிரி கிடைக்கிறது. பெரும்பாலான மளிகைக் கடையில் இருப்பது 'மூன்று நிமிடத்தில் ரெடி' என்று போட்ட மெல்லிய தவிடு மாதிரியான ஓட்ஸ். அதை எட்டு மணி நேரம் ஊறவைத்தால் குழைந்துதான் போகும். அதுதான் வீட்டில் இருக்கிறது என்றால் பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி படுக்கப் போகும்போது கடைசி வேலையாக ஊறவையுங்கள். 'ரோல்டு ஓட்ஸ்' என்று போட்டிருக்கும் தடித்த ஓட்ஸ்தான் இதற்குப் பொருத்தம். கையில் எடுத்துப் பார்த்தால் கெட்டி அவல் மாதிரி முழு வட்டமாக இருக்கும், இரண்டு விரலால் ஒடித்தால் 'டக்' என்று ஒடியும். மூன்றாவது 'ஸ்டீல் கட்', அது ரவை மாதிரி வெட்டிய ஓட்ஸ். ஒரு ராத்திரி ஊறினாலும் பல்லில் நறநறக்கும், அதை வேகவைத்துச் சாப்பிடுவதே நல்லது. மசாலா போட்ட பாக்கெட் இதற்கு ஆகவே ஆகாது.

அளவு ஒரு ஆளுக்கு: 200 மில்லி டம்ளரில் அரை டம்ளர் ஓட்ஸ், அது ஏறத்தாழ 40 கிராம். அதே டம்ளரில் அரை டம்ளர் குளிர்ந்த பால். மூன்று மேசைக்கரண்டி புளிக்காத கெட்டித் தயிர். ஒரு சிட்டிகை உப்பு, இனிப்பாகச் சாப்பிட்டாலும் அந்த உப்பு வேண்டும், இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். கலக்கியவுடன் பார்த்தால் நீர்த்துப் போய், இது எங்கே கெட்டியாகப் போகிறது என்று தோன்றும். அப்படித் தோன்றினால் அளவு சரி என்று அர்த்தம். பதினைந்து நிமிடம் கழித்து ஒருமுறை கிளறுங்கள், அடியில் தங்கின ஓட்ஸ் மேலே வரும். பிறகு மூடி பிரிட்ஜில் வைத்துவிடலாம். காலையில் கரண்டியால் எடுத்தால் தயிர்சாதப் பதத்தில் வழுக்கி விழ வேண்டும். இறுகியிருந்தால் இரண்டு ஸ்பூன் பால் விட்டுத் தளர்த்துங்கள்.

இன்னொன்று. இதற்கென்று கண்ணாடிப் பாட்டில் வாங்க வேண்டுமா என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மூடி இறுக்கமாக இருக்கிற எவர்சில்வர் தூக்குப்போசி போதும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு உடையாதது அதுதான். பித்தளை, செம்பு, அலுமினியத்தில் மட்டும் வைக்காதீர்கள், தயிரின் புளிப்புக்கு அது ஆகாது.

"வேகவைக்காமல் சாப்பிடுகிறோமே, பச்சைத் தானியம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?" (ஓமலூர்)

ரோல்டு ஓட்ஸ் பச்சைத் தானியம் இல்லை. உமி நீக்கிய ஓட்ஸை ஆவியில் வேகவைத்து, உருளைக்கு நடுவே விட்டு நசுக்கி, காயவைத்துத்தான் பாக்கெட்டில் போடுகிறார்கள். நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்த அவலை நாம் மறுபடி வேகவைக்காமல் தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுகிறோமே, அதே கணக்குத்தான். ஊறவைக்காமல் உலர்வாக அள்ளிப் போட்டுக்கொண்டால்தான் வயிறு கனக்கும்.

"என் மாமியார் கேட்கிறார்: பழைய சோற்றை ராத்திரி முழுக்க மேடை மேல்தானே வைக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. இந்த ஓட்ஸுக்கு மட்டும் என்ன பிரிட்ஜ்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை." (செவ்வாய்ப்பேட்டை)

உங்கள் அத்தை கேட்டது நியாயமான கேள்வி. வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

பழைய சோறு வெளியில் இருந்தால்தான் பழைய சோறாகும். வடித்து ஆறின சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், ராத்திரியில் புளிக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் பெருகி, நீராகாரத்தை லேசாகப் புளிப்பாக்கும். அந்தப் புளிப்புதான் மற்ற கிருமிகளைக் கிட்ட விடாமல் காவல் காக்கிறது. அங்கே புளிப்பது நமக்கு வேண்டியது, அதற்காகத்தான் வெளியில் வைக்கிறோம். அதுவும் விடிந்ததும் சாப்பிட்டால்தான். மத்தியானம் வரைக்கும் விட்டால் வாடை வந்து, சோறு கொழகொழத்துப் போவது அத்தைக்கே தெரியும்.

ஓட்ஸில் நாம் புளிக்கவைக்கவில்லை, ஊறத்தான் வைக்கிறோம். அதில் பால் இருக்கிறது. சேலத்தில் சித்திரை, வைகாசியில் பகல் சூடு 38, 39 டிகிரிக்குப் போகிறது, ராத்திரி பத்து மணிக்கும் சமையலறைச் சுவரைத் தொட்டால் சுடுகிறது. அந்தச் சூட்டில் பால் எட்டு மணி நேரம் தாங்காது. அப்புறம் தானியங்களில் சில கிருமிகளின் வித்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவை வேகவைத்தாலும் சாவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் முளைத்துப் பெருகிவிடும். 5 டிகிரிக்குக் கீழே அவை பெருகும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பிரிட்ஜ் தருவது அந்தக் காவலைத்தான்.

இது எனக்கே நடந்திருக்கிறது. ஒரு மே மாதம், ஊர்ப் பேச்சில் நேரம் போய், கலக்கின போசியைப் பிரிட்ஜில் வைக்க மறந்து மேடையிலேயே விட்டுவிட்டேன். காலையில் மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று காற்று வெளியே வந்தது. மேலே கடுகு கடுகாகக் கொப்புளம், ஓரத்தில் மஞ்சளாக நீர் பிரிந்து நிற்கிறது, மாவு புளித்துத் தாண்டிப்போன வாடை. தயிர்தானே புளித்திருக்கிறது என்று ஒரு வாய் ருசி பார்க்கக்கூடத் தோன்றும் அந்த நேரத்தில். பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். நான் கொட்டிவிட்டேன்.

அத்தையிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பழைய சோற்றை ஓட்ஸ் விரட்ட வரவில்லை. மோரும் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்து அவர் சாப்பிடுகிற காலைச் சாப்பாட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. அதை அவர் தாராளமாகத் தொடரட்டும்.

"பனங்காட்டில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். தங்கியிருக்கும் ரூமில் பிரிட்ஜ் கிடையாது. மண்பானையில் தண்ணீர் ஊற்றி அதற்குள் டப்பாவை வைத்தால் போதுமா?" (பெயர் வெளியிட விரும்பாத தம்பி)

போதாது தம்பி. மண்பானை தண்ணீரைக் குளிரவைக்கும், ஆனால் அது வெளிச் சூட்டைவிடச் சில டிகிரி குறைவு, அவ்வளவுதான். 5 டிகிரி எங்கே, 25 டிகிரி எங்கே. நீங்கள் ராத்திரி ஊறவைக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் ஓட்ஸில் வெந்நீரை ஊற்றி மூடிவிட்டுப் பல் விளக்கிக் குளித்து வாருங்கள், சாப்பிடும் பதத்துக்கு வந்திருக்கும். மேலே வேர்க்கடலை ஒரு கைப்பிடி, ஒரு வாழைப்பழம். இல்லையென்றால் பட்டறைக்குப் போகும் வழியில் தள்ளுவண்டியில் கம்பங்கூழ் கிடைக்குமே, ஒரு சொம்பு குடியுங்கள். பிரிட்ஜ் இல்லை என்பதற்காக எதையும் இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். காலையில் வெறும் டீயோடு வேலைக்கு உட்காராமல் இருக்கிறீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம்.

"ஏற்காட்டில் இருக்கிறோம். மார்கழியில் ராத்திரி கை விறைக்கிற குளிர். ஜன்னல் ஓரத்தில் வைத்தால் பிரிட்ஜ் வேண்டியதில்லையே?" (ஏற்காடு)

இந்த யோசனை எனக்கும் ஒருமுறை வந்தது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் கீழே விட்டுவந்த வெயில் வேறு ஊருடையது போலத்தான் இருக்கும். ஆனால் நம் உடம்புக்குக் குளிர் என்பது வேறு, பாலுக்குக் குளிர் என்பது வேறு. மார்கழி ராத்திரியில் 12, 13 டிகிரி இருந்தாலே நமக்குக் கம்பளி வேண்டும், கிருமிக்கு அது தாங்கக்கூடிய சூடுதான். அதுவும் ஜன்னல் ஓரம் வீட்டுக்குள் இருக்கிற இடம், இன்னும் நாலு டிகிரி கூடவே இருக்கும். பிரிட்ஜிலேயே வையுங்கள்.

உங்களுக்கு அங்கே இருக்கிற வசதி வேறு, பழம். மலையில் விளைகிற பட்டர் ஃப்ரூட் இதற்கென்றே படைத்தது மாதிரி. காம்பு இருந்த இடத்தில் விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் பதத்தில் எடுத்து, பாதியை மசித்துக் காலையில் கலந்தால் சர்க்கரை ஒரு ஸ்பூன் குறைந்தாலும் தெரியாது. கொய்யாவைப் பொடியாக நறுக்கிப் போடலாம். பலாச்சுளை கிடைக்கும் நாளில் ஒரு சுளை போதும், அதன் வாசமே டப்பா முழுக்க ஏறிவிடும். ஆரஞ்சு மட்டும் ராத்திரியே சேர்க்காதீர்கள், அதன் புளிப்பில் பால் திரிந்து கசப்பு ஏறும். காலையில் சுளையைத் தோல் உரித்து மேலே வையுங்கள். எந்தப் பழமானாலும் இதே விதிதான். நறுக்கின பழம் ராத்திரி முழுக்க ஊறினால் நீர் விட்டு நிறம் மாறும், வாழைப்பழம் கறுத்தே போகும். காய்ந்த திராட்சை, பேரீச்சை, அத்தி இவை விதிவிலக்கு, ராத்திரி ஊறினால் நன்றாக உப்பி, அதன் இனிப்பும் பாலில் இறங்கும்.

எஸ்டேட் காப்பித்தூள் கையில் இருக்கும்போது பாலில் இரண்டு மேசைக்கரண்டி ஆறின டிகாக்ஷன் கலந்து ஊறவைத்துப் பாருங்கள். சிக்கரி இல்லாத தூளாக இருந்தால் அந்த ருசி தனி. பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரியவர்களுக்கு மட்டும்.

"அப்பாவுக்கு வயது 62, பத்து வருடமாகச் சர்க்கரை. ஓட்ஸ் சாப்பிட்டால் சர்க்கரை குறையும் என்று யாரோ சொல்ல, மூன்று வேளையும் அதுவே வேண்டும் என்கிறார். கூடவே மல்கோவாவும்." (சூரமங்கலம்)

மூன்று வேளை வேண்டவே வேண்டாம். ஓட்ஸ் மருந்து இல்லை, தானியம். 40 கிராமில் 26, 27 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதில் நல்லது என்னவென்றால் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து. விரலில் ஓட்ஸ் கஞ்சியைத் தொட்டால் வழவழப்பு ஒன்று வருமே, அதுதான். அது வயிற்றுக்குள் கூழ் மாதிரி ஆகி, மாவுச்சத்து ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. கொலஸ்ட்ராலுக்கும் நல்லது: ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் சேர்த்தால் கெட்ட கொழுப்பு குறைய உதவும் என்பதை ஒட்டி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-லேயே ஓட்ஸ் பாக்கெட்டில் அப்படிப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தது. நம் அரை டம்ளர் ஓட்ஸில் ஏறத்தாழ அதில் பாதி கிடைக்கும்.

அப்பாவுக்கு நான் சொல்வது இதுதான். தடித்த ஓட்ஸ் மட்டும், மெல்லியது வேண்டாம், மெல்லியது சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். பாலைக் குறைத்துத் தயிரைக் கூட்டுங்கள். பாதாம் ஐந்தாறு, அல்லது வறுத்த வேர்க்கடலை. தேன், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதுவும் வேண்டாம். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டால் ஒன்றும் செய்யாது என்று நம்பிக்கொண்டு தாராளமாக அள்ளிப் போடுகிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன், இதில் மட்டும் நான் கண்டிப்பு. வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள், இட்லி சாப்பிட்ட நாளையும் ஓட்ஸ் சாப்பிட்ட நாளையும் வைத்து ஒப்பிட்டால் அவர் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள், மாத்திரை அளவை நீங்களாக மாற்றக் கூடாது.

மல்கோவா... சேலத்துக்காரருக்கு வைகாசியில் மல்கோவாவைத் தொடாதே என்று எந்த வாயால் சொல்வது? மேலே இரண்டு சின்னத் துண்டு, ஒரு தீப்பெட்டி அளவுக்குள். அதுவும் அன்றைக்கு வேறு இனிப்பு இல்லாத நாளில், டாக்டர் சரி என்றால்.

"தைராய்டு மாத்திரை சாப்பிட்ட கையோடு இதைச் சாப்பிடலாமா?" (அஸ்தம்பட்டி)

கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். பாலில் இருக்கிற கால்சியமும் ஓட்ஸின் நார்ச்சத்தும் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். எழுந்ததும் மாத்திரை, குளித்துக் கிளம்பும் முன் ஓட்ஸ் என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

"சேலம் என்றால் ஜவ்வரிசிதானே. ஓட்ஸுக்குப் பதில் ஜவ்வரிசியை ஊறவைத்தால் நம் ஊர் விவசாயிக்கும் நல்லதுதானே? இல்லை, சாமை ஊறவைக்கலாமா?" (ஆத்தூர்)

உங்கள் நோக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. மரவள்ளி போட்டவர்கள் வீட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தை மட்டும் பிரித்து உருட்டியது. நாரும் புரதமும் அதில் இல்லை என்றே சொல்லலாம். ஊறவைத்தாலும் வேகவைக்காமல் சாப்பிட முடியாது. பாயசத்துக்கும் வடகத்துக்கும் உப்புமாவுக்கும் அதைக் கைவிடாதீர்கள், ஓட்ஸ் செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

சாமை அரிசியை ஊறவைத்து அப்படியே சாப்பிடக் கூடாது, அது பச்சை அரிசி மாதிரி. வேகவைத்து ஆறவைத்த சாமைச் சோற்றைப் பாலும் தயிரும் கலந்து பிரிட்ஜில் வைத்தால் காலையில் அருமையான தயிர்சாதம் கிடைக்கும். இப்போது சாமை அவல், கம்பு அவல், சோள அவல் எல்லாம் உழவர் சந்தைப் பக்கத்துக் கடைகளில் வருகிறது. நான் கம்பு அவலும் ஓட்ஸும் பாதிக்குப் பாதி போட்டுச் செய்வேன். கம்பு அவல் கொஞ்சம் முரடு, ஒரு ராத்திரி ஊறினால் சரியாக இருக்கும். நெல் அவலை மட்டும் ராத்திரியே போடாதீர்கள், பத்து நிமிடத்தில் ஊறுகிறதை எட்டு மணி நேரம் விட்டால் கரைந்துபோகும்.

"சியா விதையும் சப்ஜா விதையும் ஒன்றா? கடைக்காரர் ஒன்றுதான் என்று கொடுக்கிறார்." (அம்மாபேட்டை)

ஒன்று இல்லை. சப்ஜா நம் திருநீற்றுப்பச்சிலையின் விதை, நன்னாரி சர்பத்தில் மிதக்குமே, அது. முழுக்கக் கறுப்பு, தண்ணீரில் போட்ட ஐந்து பத்து நிமிடத்தில் கண்ணாடி உறை மாட்டின மாதிரி உப்பிவிடும். சியா மெக்சிகோ பக்கத்துச் செடி, சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாக விதையில் கோலம் இருக்கும், ஊற அரை மணி பிடிக்கும். இரண்டில் எதைப் போட்டாலும் ஒரு டீஸ்பூன் போதும், கூடவே கால் டம்ளர் பால் அதிகம் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மொத்தமும் இறுகிவிடும். விதையை உலர்வாக விழுங்கவே கூடாது, தொண்டையில் போய் உப்பினால் ஆபத்து.

"ஞாயிற்றுக்கிழமையே ஐந்து டப்பா செய்து வைத்தால் வெள்ளி வரை ஓட்டலாமா? நடுவில் கரண்ட் போனால்?" (ஐந்து ரோடு)

ஐந்து நாள் வேண்டாம். மூன்று நாளுக்குச் செய்யுங்கள், புதன் ராத்திரி மறுபடி இரண்டு டப்பா. மூன்றாம் நாள் டப்பா கொஞ்சம் குழைவாகத்தான் இருக்கும், அது கெட்டதல்ல. புளித்த வாடையோ நுரையோ இருந்தால்தான் கெட்டது. பிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் சூடு படும் இடம் அது. உள்ளே, பின்பக்கத் தட்டில் வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் வரை குளிர் நிற்கும். அதற்கு மேல் போய், அதுவும் கோடையில் என்றால், பால் கலந்ததை நம்ப வேண்டாம்.

"பையன் இரண்டாம் வகுப்பு. காலையில் சாப்பிட மாட்டான். டிபன் பாக்ஸில் கொடுத்துவிடலாமா?" (குகை)

டிபன் பாக்ஸில் வேண்டாம்மா. காலை எட்டரைக்குப் பையில் போனது பன்னிரண்டரை வரை வகுப்பறைச் சூட்டில் கிடக்கும். பிரிட்ஜிலிருந்து எடுத்தால் வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்குள், மற்ற நாளில் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். வீட்டில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள். முதல் வாரம் நாலு ஸ்பூன் ஓட்ஸ் மட்டும். மாம்பழக் காலத்தில் ஆரம்பித்தால் உங்களுக்கு வேலை சுலபம்: நல்ல பழுத்த செந்தூராவைக் கையால் பிழிந்து, அந்தச் சாற்றை அவன் கண் முன்னாலேயே ஓட்ஸ் மேல் ஊற்றி அவனையே கலக்கச் சொல்லுங்கள். தானே கலக்கினதைப் பிள்ளைகள் வேண்டாம் என்பது குறைவு. முழு வேர்க்கடலையும் முழுப் பாதாமும் சின்னத் தம்பி தங்கைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், பொடித்துப் போடுவது நல்லது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது.

"இரண்டு நாள் சாப்பிட்டேன், வயிறு உப்புசம், காற்று. விட்டுவிடட்டுமா?" (வாழப்பாடி)

விட வேண்டாம், பாதியாக்குங்கள். இட்லி, பொங்கல் என்றே பழகிய வயிற்றுக்குத் திடீரென்று இவ்வளவு நார் போனால் அப்படித்தான் இருக்கும். இரண்டு வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் பால் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், மோரில் ஊறவைத்துப் பாருங்கள். கோதுமை ஒவ்வாமை இருக்கிறது என்று டாக்டர் சொன்னவர்கள் மட்டும் க்ளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள், ஆலையில் கோதுமையோடு கலந்துவிடுவது உண்டு.

"இதை யார் கண்டுபிடித்தது?" (மேட்டூர், பத்தாம் வகுப்பு மாணவி)

சுவிட்சர்லாந்தில் ஸூரிக் நகரத்தில் மருத்துவ விடுதி நடத்திய பிர்ஷர் பென்னர் என்ற டாக்டர், 1900-ஐ ஒட்டிய வருடங்களில் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஒரு ஸ்பூன் ஓட்ஸைத் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் ஆப்பிளைத் தோலோடு துருவிச் சேர்த்து, எலுமிச்சைச் சாறும் கொட்டைப் பருப்பும் போட்டுத் தருவார். அதில் ஆப்பிள்தான் முக்கியம், ஓட்ஸ் துணைக்கு. அதுதான் மியூஸ்லி என்று பெயர் பெற்றது.

"இனிப்பு எனக்கு ஆகாது. காரமாகச் செய்ய வழி உண்டா? அப்புறம் இந்த ஜில்லிப்பு பல்லில் கூசுகிறது, எனக்கு 70 வயது." (ஏற்காடு, நாகலூர் பக்கம்)

உண்டும்மா, நான் வாரத்தில் நாலு நாள் அதைத்தான் சாப்பிடுகிறேன். ராத்திரி ஓட்ஸை முக்கால் டம்ளர் கெட்டி மோரில் உப்புப் போட்டு ஊறவையுங்கள், பால் வேண்டாம். காலையில் பல் விளக்கப் போகும் முன்பே வெளியில் எடுத்து வைத்துவிடுங்கள், அரை மணியில் ஜில்லிப்பு பாதி இறங்கும். உங்கள் ஊரில் தை மாதமென்றால் அதுவும் போதாது, போசியை ஒரு கிண்ணம் வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அடுப்பில் வைத்தால் மோர் திரியும்.

அப்புறம் சின்ன வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு. பருப்பு சிவந்ததும் பொடியாக நறுக்கின இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. உங்கள் வீட்டு மரத்தில் ஏறின மிளகுக்கொடியில் பச்சை மிளகு இருந்தால் மிளகாய்க்குப் பதில் அதை நசுக்கிப் போடுங்கள். தாளிப்பு சடசடவென்று அடங்கி ஒரு நிமிடம் ஆறட்டும், அதற்குள் கேரட்டைத் துருவிவிடலாம். இரண்டையும் ஓட்ஸில் கொட்டி ஒரே கிளறு. மல்லித்தழை இருந்தால் போடுங்கள். பல்லுக்குக் கஷ்டமாக இருந்தால் கேரட்டை ஆவியில் ஒரு நிமிடம் காட்டிக்கொள்ளுங்கள். சாப்பிட்டவுடன் காப்பி வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். தானியத்தில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் காப்பி தடுக்கும்.